மணலில் விழுந்து அழும் பெண்: ஒரு படத்தைப் படிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் புகைப்படம் கற்றுக்கொள்கிற பிள்ளைகளோடு உட்கார்ந்து படம் பார்க்கும்போது திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள் இவை. கேமரா பிடிக்கத் தெரியாதவர்களும் படிக்கலாம். லென்ஸ், வெளிச்ச அளவு பற்றியெல்லாம் இதில் எதுவும் இல்லை.

எந்தப் படத்தைப் பற்றி இவ்வளவு பேச்சு?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை சுனாமி வந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், அக்கரைக்கோரி, தாழங்குடா என்று கடலோரக் குப்பங்கள் எல்லாம் அடிவாங்கின. இரண்டு நாள் கழித்து, 28-ஆம் தேதி, ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் புகைப்படக்காரர் அர்கோ தத்தா கடலூரில் ஒரு படம் எடுத்தார். மணலில் ஒரு பெண் குப்புற விழுந்து கிடக்கிறார். கைகள் விரிந்திருக்கின்றன, உள்ளங்கைகள் மேல்நோக்கித் திரும்பியிருக்கின்றன. ஓரத்தில் இறந்துபோன ஒருவரின் கை மட்டும் தெரிகிறது. அவ்வளவுதான் படம்.

நெதர்லாந்தில் இருக்கும் வேர்ல்ட் பிரஸ் போட்டோ அமைப்பு இதைத்தான் 2004-ஆம் ஆண்டின் சிறந்த செய்திப் படமாகத் தேர்ந்தெடுத்தது. உலகம் முழுக்கப் பார்த்த படம். நம் ஊர்ப் படம். அதனால் முதலில் இதை எடுத்துக்கொள்கிறோம்.

ஒரு படத்தைப் பார்த்ததும் எங்கே ஆரம்பிக்க வேண்டும்?

வாயால் சொல்லிப் பார்ப்பதில். படத்தில் என்ன இருக்கிறது என்று, பார்க்காத ஒருவருக்கு போனில் சொல்வதுபோல் சொல்ல வேண்டும். துயரம், கொடுமை, பரிதாபம் மாதிரியான சொற்களுக்கு அப்போது அனுமதி கிடையாது.

கேட்கச் சுலபமாக இருக்கும். செய்து பார்த்தால்தான் தெரியும். அர்கோ தத்தாவின் படத்தைக் காட்டினால் பெரும்பாலும் வருகிற முதல் வாக்கியம், "குழந்தையைப் பறிகொடுத்த தாய் கதறுகிறாள்" என்பது. சரி, தாய் என்று படத்தில் எங்கே எழுதியிருக்கிறது? குழந்தை எங்கே? படத்தோடு வெளியான குறிப்பு, சுனாமியில் இறந்த உறவினருக்காக அழும் பெண் என்று மட்டும்தான் சொல்கிறது. தாயும் குழந்தையும் நம்மிடமிருந்து போனவர்கள். எத்தனையோ சினிமா, எத்தனையோ நாளிதழ்ப் படங்கள் நம் தலைக்குள் போட்டுவைத்திருக்கும் கதையை இந்தப் பெண்ணின் மேல் ஏற்றிவிடுகிறோம்.

அதனால் மூன்றாகப் பிரித்து எழுதச் சொல்வேன்: கண்ணில் பட்டது, ஏற்கெனவே தெரிந்தது, மனசில் வந்தது. பெண் மணலில் கிடப்பது முதலாவது. அது சுனாமி என்பது இரண்டாவது, ஏனென்றால் படத்துக்குள் அதற்குச் சாட்சி இல்லை. தொண்டை அடைப்பது மூன்றாவது. இப்படிப் பிரிப்பதால் உணர்ச்சி குறைந்துவிடாதா என்று கேட்பார்கள். குறையாது. எது எங்கிருந்து வருகிறது என்று தெரியும், அவ்வளவுதான்.

இந்தப் படத்தில் அப்படி என்ன இருக்கிறது? அழுகிற பெண்ணின் படம் எத்தனையோ இருக்கிறதே?

இருக்கின்றன. அந்த வாரத்தில் மட்டும் நாகப்பட்டினம் முதல் சென்னை வரை அழுகிற முகங்களை எடுக்காத கேமரா இருந்திருக்காது. இதில் முகம் மண்ணைப் பார்த்துக் கவிழ்ந்திருக்கிறது. முகம் செய்ய வேண்டிய வேலையைக் கைகள் செய்கின்றன.

நம் ஊர்ச் சாவு வீட்டை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். மாரில் அடித்துக்கொள்வார்கள், தலையில் அடித்துக்கொள்வார்கள். கை சும்மா இருக்காது. புதிதாக ஒருத்தி வாசலில் நுழைந்தால் அந்த வட்டம் திறந்து அவளையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். இழவில் ஒரு பெண்ணைத் தனியாக விடுவது நம் வழக்கத்தில் இல்லை.

இந்தப் படத்தில் வட்டம் இல்லை. பிடித்துக்கொள்ளத் தோள் இல்லை. கைகள் அடிக்கவும் இல்லை, எதையும் பற்றவும் இல்லை. மலர்ந்துபோய்க் கிடக்கின்றன. குப்பமே சாவு வீடாகிவிட்ட நாளில் யார் யாருக்கு ஒப்பாரி வைப்பது என்ற கேள்வியை அந்தக் கைகள் கேட்கின்றன. எனக்கு அப்படித்தான் படுகிறது. சட்டகத்துக்கு, அதாவது படத்தின் எல்லைக்கு, வெளியே பத்துப் பேர் நின்றிருக்கலாம், அடுத்த நொடி யாரோ ஓடிவந்து தூக்கியிருக்கலாம். படம் அதைச் சொல்லவில்லை. ஆனால் படம் தேர்ந்தெடுத்த அந்தக் கணத்தில் அவர் தனியாக இருக்கிறார்.

வெளிநாட்டுக்காரர் ஒருவர் இதே கைகளைப் பார்த்துப் பிரார்த்தனை என்று படிக்கலாம், சிலுவையை நினைக்கலாம். தப்பில்லை, அது அவர் வளர்ந்த இடம். ஒப்பாரி தெரிந்தவருக்கு மட்டும் இன்னொரு கதவு திறக்கும்.

சுனாமிப் படத்தில் கடலே காணோமே?

அதுதான் இந்தப் படத்தின் துணிச்சல். அலை இல்லை, கவிழ்ந்த படகு இல்லை, இடிந்த வீடு இல்லை. இருப்பது மணல் மட்டும். சட்டகம் என்பது எதைக் காட்டுவது என்ற முடிவு. அதே அளவுக்கு எதை விடுவது என்ற முடிவும். கடலைக் காட்டியிருந்தால் நம் கண் அங்கே போயிருக்கும், 'எவ்வளவு பெரிய அலை' என்று பேச ஆரம்பித்திருப்போம். இங்கே போக வேறு இடமில்லை.

ஒரு எச்சரிக்கை. தமிழ் படித்த பிள்ளைகள் உடனே, சங்கப் பாட்டில் கடலோரம் என்றால் நெய்தல் நிலம், அதன் உரிப்பொருள் இரங்கல், எவ்வளவு பொருத்தம் என்று எழுதிவிடுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நெய்தலின் இரங்கல், பிரிந்துபோன தலைவனை நினைத்துக் கரையில் காத்திருப்பவளுடையது. அவன் வருவான் என்ற நம்பிக்கை அதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தப் பெண்ணுக்கு யாரும் வரப்போவதில்லை. அழகான பொருத்தம் கிடைத்துவிட்டால் படத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம், அதில்தான் ஆபத்து.

ஓரத்தில் தெரியும் அந்தக் கையை மறைத்தால் என்ன ஆகும்?

கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள். படம் என்னவாகவும் ஆகிவிடும். ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடு வந்து தரையில் விழுந்து புரளும் பெண்ணாக இருக்கலாம். கோயிலில் வேண்டுதலாக இருக்கலாம். விரலை எடுத்தால் ஒரே நொடியில் எல்லாம் ஒரு புள்ளியில் வந்து நிற்கும். ஒரு முழு உடலும் முகமும் காட்டாமல் ஒரு கையோடு நிறுத்தியதில் இறந்தவருக்குக் கொஞ்சம் மரியாதையும் மிஞ்சியிருக்கிறது.

வேறு எந்தப் படத்துக்கும் இந்தச் சோதனையைச் செய்யலாம். எந்தப் பகுதியை மறைத்தால் படம் செத்துப்போகிறதோ அங்கேதான் அதன் உயிர் இருக்கிறது.

மனசில் வரும் உணர்ச்சிக்கு எப்படிப் பெயர் வைப்பது? 'சோகம்' என்று எழுதினால் போதாதா?

போதாது. 'சோகமான படம்' என்று எழுதினால் ஒன்றுமே எழுதவில்லை என்றுதான் பொருள்.

இதற்கு வெளியே போய்க் கருவி தேட வேண்டாம். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகள், அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகள், இருக்கின்றன: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. அதோடு நிற்காமல் ஒவ்வொன்றும் எந்த நான்கு காரணங்களிலிருந்து பிறக்கும் என்றும் சொல்கிறது. அழுகைக்கு நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதாவது பிறர் இழிவுபடுத்துவது, இழப்பது, முன்னிருந்த நிலையிலிருந்து தாழ்ந்துபோவது, இல்லாமை. இலக்கணத் தேர்வுக்கு மனப்பாடம் செய்த பகுதி படம் பார்க்க இவ்வளவு உதவும் என்று பலர் நினைத்திருக்க மாட்டார்கள்.

சுனாமிப் படத்தில் இழவு வெளிப்படை. அசைவும் இருக்கிறதா? நேற்றுவரை வீடு வாசலோடு இருந்தவர் வெறும் மணலில் கிடக்கிறார் என்பதால் இருக்கிறது என்பேன். வறுமை? அங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கடலோரப் பெண் என்றாலே ஏழை என்று நாமாகச் சேர்த்துக்கொள்கிறோமோ என்று கேட்டுக்கொள்வது நல்லது. இளிவு படத்துக்குள் இல்லை. ஆனால் அவர் அழுவதை உலகமே பார்த்தது என்பதில் ஒரு இளிவு உண்டா என்று கேட்ட மாணவி ஒருத்தி உண்டு. நல்ல கேள்வி. கீழே அதற்கு வருகிறேன்.

இன்னொன்று: மெய்ப்பாடு என்பது உடம்பில் தெரிவது. உள்ளே என்ன நினைத்தார் என்று அளக்கப் போகாமல் தோள், விரல், கழுத்து என்று பேசினால் வார்த்தைகள் தானாகத் திருத்தமாகும்.

படக்குறிப்பு எவ்வளவு முக்கியம்?

மிக முக்கியம், அதே அளவுக்கு அபாயம். 1997-இல் அல்ஜீரியாவின் பென்தல்ஹாவில் ஒரு படுகொலை நடந்தது. மருத்துவமனை வாசலில் சுவரில் சாய்ந்து அழுத ஒரு பெண்ணை ஓசின் ஸவுரார் படமெடுத்தார். எட்டுக் குழந்தைகளையும் இழந்த தாய் என்று குறிப்பு போய்விட்டது. உலகப் பத்திரிகைகள் அவரைக் கன்னி மரியாளோடு ஒப்பிட்டு எழுதின. பிறகு பார்த்தால் அவர் அழுதது தன் சகோதரன் குடும்பத்துக்காக. படம் அதே படம்தான், அழுகையும் உண்மைதான். மேலே ஒட்டிய கதை மட்டும் தவறு. அந்தப் படமும் அந்த ஆண்டின் வேர்ல்ட் பிரஸ் போட்டோ பரிசு பெற்றது.

சினிமாவில் இதை 100 ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டார்கள். சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரு நடிகரின் சலனமில்லாத முகத்தை ஒரு தடவை சூப் கிண்ணத்தோடும், ஒரு தடவை சவப்பெட்டியோடும், ஒரு தடவை ஒரு பெண்ணோடும் சேர்த்துக் காட்டினாராம். பசி, துக்கம், ஆசை என்று பார்த்தவர்கள் ஒவ்வொன்றாகப் படித்தார்களாம். முகம் மாறவே இல்லை.

ஆகவே முதலில் குறிப்பில்லாமல் பாருங்கள், அப்புறம் குறிப்போடு பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்பதை எழுதினால் பாதிக் கட்டுரை முடிந்துவிடும்.

அழுகை இல்லாத படத்தில் உணர்ச்சியை எப்படிக் கண்டுபிடிப்பது?

புதுச்சேரிக்கு வருவோம். 1950 ஏப்ரலில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் அரவிந்தர் ஆசிரமத்தில் ஸ்ரீ அரவிந்தரைப் படமெடுத்தார். அதற்கு முன் பல பத்தாண்டுகளாக அவரை யாரும் படமெடுக்க அனுமதி இல்லை. நாற்காலியில் ஒரு முதியவர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். வேறெதுவும் நடக்கவில்லை.

அன்றைக்கு அது ஒரு பெரியவரின் உருவப்படம். அதே ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி அவர் மறைந்தார். அதன்பிறகு அந்தப் படத்தை 'கடைசிப் படம்' என்று அறியாமல் பார்ப்பது கஷ்டம். அசையாமை முன்பு அமைதியாகத் தெரிந்தது, இப்போது விடைபெறுதலாகவும் தெரிகிறது. பக்தர் ஒருவருக்கு அது தரிசனம். பக்தி இல்லாதவருக்கு, தன்னை யாருக்கும் காட்டாமல் இருந்தவர் ஒருமுறை காட்டச் சம்மதித்தது ஏன் என்ற கேள்வி. எனக்கு இரண்டாவதுதான் ஈர்ப்பு.

படத்தின் பொருள் காலத்தோடு மாறுமா?

மாறும். புதுச்சேரிக் கடற்கரையின் பழைய துறைமுகப் பாலத்தைப் பின்னணியாக வைத்து எத்தனை கல்யாண ஜோடிகள் படமெடுத்திருப்பார்கள்! 2022 மார்ச்சில் அந்தப் பாலத்தின் ஒரு பகுதி இடிந்து கடலில் விழுந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் சிரிக்கும் அந்தப் படங்கள் இப்போது பாலத்துக்கும் ஆவணம்.

வெளியூர்க்காரர் பார்ப்பதும் உள்ளூர்க்காரர் பார்ப்பதும் ஒன்றா?

2011 டிசம்பர் 30 காலை 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. சாய்ந்த பலாமரத்தின் படம் ஒன்றைச் சென்னையிலோ பெங்களூரிலோ காட்டினால், "புயலில் விழுந்த மரம்" என்பார்கள். ஆள் சாகவில்லை, வீடு இடியவில்லை, அடுத்த படத்துக்குப் போய்விடலாம்.

பண்ருட்டிக்காரரிடம் காட்டுங்கள். மரத்தின் சுற்றளவைப் பார்த்ததுமே இது தாத்தா வைத்தது என்பார். வருஷத்துக்கு எத்தனை பழம், அதில் எந்தப் பிள்ளையின் படிப்பு நடந்தது என்று சொல்வார். புதுக்கன்று வைத்தாலும் காய்க்க வருஷங்கள் ஆகும், இந்த அளவுக்கு வளர அவருடைய ஆயுள் போதாது. அவர் பார்ப்பது ஒரு சாவுப் படம். மனிதமுகமே இல்லாத படத்தில் இழவும் வறுமையும் இரண்டுமாக இருக்கின்றன.

உள்ளூர் அறிவு என்றால் இதைத்தான் சொல்கிறேன். பிள்ளைகள் தங்கள் ஊர்ப் படத்தை எடுத்துக்கொண்டால் புத்தகத்தில் கிடைக்காத ஒன்றை எழுத முடியும். ஏனோ எல்லாருக்கும் ஆப்பிரிக்கப் பஞ்சமும் ஐரோப்பியப் போரும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன.

கறுப்பு வெள்ளையில் எடுத்தால் உணர்ச்சி கூடுமா?

தானாகக் கூடாது. 1984 போபால் விஷவாயுச் சாவுகளில் ஒரு குழந்தையைப் புதைக்கும் காட்சியை ரகு ராய் கறுப்பு வெள்ளையிலும் பாப்லோ பார்த்தலோமியூ வண்ணத்திலும் எடுத்தார்கள். ஒரே குழந்தை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கறுப்பு வெள்ளை எனக்கு நினைவுச் சின்னம் மாதிரி கொஞ்சம் தள்ளி நிற்கிறது, வண்ணம் நேற்று நடந்ததுபோல் கிட்டே வருகிறது. அந்த ஆண்டின் வேர்ல்ட் பிரஸ் போட்டோ பரிசு வண்ணப் படத்துக்குப் போனது. உங்களுக்கு நேர்மாறாகத் தோன்றலாம், காரணம் சொன்னால் சரி. மொபைலில் எடுத்த மொக்கைப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினால் கறுப்பு வெள்ளை மொக்கைப் படம் கிடைக்கும்.

ஒருவரின் துயரத்தைப் படமெடுப்பது சரியா? உதவியிருக்க வேண்டாமா?

1993-இல் சூடானில் கெவின் கார்ட்டர் எடுத்த படம் நினைவிருக்கும்: சுருண்டு கிடக்கும் குழந்தை, பின்னால் பிணந்தின்னிக் கழுகு. 1994-இல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது, அதே ஆண்டு ஜூலையில் அவர் தற்கொலை செய்துகொண்டார். பரிசையும் சாவையும் நேர்கோட்டில் இணைத்து ஒரு நீதிக்கதை இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. குழந்தை அங்கேயே செத்துவிட்டது என்றும் அதில் சேர்த்துக்கொள்வார்கள். அந்தக் குழந்தை உணவு முகாமுக்குப் பக்கத்தில்தான் இருந்தது, அன்றைக்குச் சாகவும் இல்லை. படத்துக்கு வெளியே இருந்ததை நாம் வெறுமை என்று எடுத்துக்கொண்டதால் வந்த வினை.

மாணவி கேட்ட இளிவுக் கேள்விக்கு என் பதில்: ஆமாம், சுனாமிப் படத்தில் இருக்கும் பெண்ணிடம் கேட்டு எடுத்த படம் போலத் தெரியவில்லை, கேட்கிற நிலையிலும் அவர் இல்லை. அந்தப் படங்களைப் பார்த்து உதவி வந்தது என்பதால் மட்டும் கணக்கு நேராகிவிடாது. படத்தை வியக்கும்போதே இந்தச் சங்கடத்தையும் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். அதை ஒரு பத்தியில் தீர்த்துவைக்கும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை.

எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிற படங்களையும் இப்படிப் படிக்கலாமா?

தாராளமாக. ஆயாவின் படம், பொட்டு வைத்து, மாலை போட்டு, சின்ன பல்பு எரிகிற படம், பெரும்பாலும் குடும்ப அட்டைக்கோ வேறு எதற்கோ எடுத்த பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கியதாக இருக்கும். கலை என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் பொட்டும் மாலையும்தான் அங்கே படக்குறிப்பு. இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, சுற்றிக் குடும்பம் நின்று எடுத்துக்கொண்ட பழைய ஸ்டூடியோப் படங்களும் பல வீட்டுப் பெட்டிகளில் இருக்கும். சில குடும்பங்களுக்கு அந்த மனிதரின் ஒரே படம் அதுதான். உயிரோடு இருந்தபோது ஸ்டூடியோவுக்குப் போகக் காசோ நேரமோ இருந்திருக்காது. அந்தப் படத்தில் யாரும் அழுவதில்லை, கவனித்தீர்களா? விறைப்பாகக் கேமராவைப் பார்ப்பார்கள். படமெடுப்பது அன்றைக்கு அவ்வளவு மரியாதையான காரியம்.

தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைச் சேகரித்து மின்னணு வடிவில் பாதுகாக்கும் வேலையைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் செய்திருக்கிறது. இந்த வகைப் படங்களில் ஆர்வம் வந்தால் அங்கிருந்து தொடங்கலாம்.

வாட்ஸ்அப்பில் வரும் உருக்கமான படத்தை நம்பலாமா?

நெஞ்சை உருக்குகிறது என்பது உண்மை என்பதற்குச் சாட்சி ஆகாது. ஒவ்வொரு புயலுக்கும் பழைய படங்கள் புதுத் தேதியோடு கிளம்பிவிடுகின்றன. இப்போது கணினியே உருவாக்கும் படங்களும் சேர்ந்துவிட்டன. கூகுளில் படத்தைக் கொடுத்துத் தேடினால் பெரும்பாலும் முதல் இடம் தெரிந்துவிடும். கடைப் பலகை எழுத்து, பேருந்தின் நிறம், வண்டி எண் பலகை ஆகியவற்றையும் பாருங்கள். அழுகை வந்த வேகத்தில் ஃபார்வேர்டு செய்யாதீர்கள்.

ஆளுக்கு ஒரு பொருள் என்றால், எதைச் சொன்னாலும் சரிதானா?

இல்லை. படத்தில் விரல் வைத்துக் காட்ட முடிந்தால் சரி. காட்ட முடியாதது உங்கள் கதை.

கடலூர் துறைமுகத்தில் நானும் இப்படி ஒரு படம் எடுக்க வேண்டும். எப்படி?

விடியற்காலையில் மீன் ஏலம் நடக்கும் நேரத்துக்குப் போகலாம். கூடையோடு உட்கார்ந்திருக்கும் அக்காக்களிடம், "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு எடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சிலர் கேட்டதும் புடவையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்காருவார்கள், இயல்பு போய்விட்டதே என்று வருத்தப்பட வேண்டாம். தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள வேண்டும் என்பதில் அவருக்கும் ஒரு கருத்து இருக்கிறது. அந்தப் படத்தை முதலில் எடுங்கள், பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த முறை போகும்போது அவர் உங்களைக் கவனிக்காமல் வியாபாரத்தைப் பார்ப்பார், நீங்கள் தேடிய படம் பெரும்பாலும் அப்போதுதான் கிடைக்கும்.